முள் மட்டும்

ஷார்ஜா, தொழிற்பேட்டை பதினொன்று.
வெளியே நாற்பத்தேழு டிகிரி.
உள்ளே, குளிரூட்டிய கண்ணாடி அறையில்
ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து
என் குப்பிகளில் துப்புகிறார்கள்.

படிவத்தில் உமிழ்நீர்.
பேச்சில் எச்சில்.
முதல் மாதம் கையுறைக்குள்ளும் கூசியது,
அடுத்தவர் டம்ளரைத் தொடாத வீட்டில்
வளர்ந்த விரல்.
இப்போது மூடியைத் திருகித் தராசில் வைத்து
மூன்று தசமம்வரை படிக்கிறேன்,
கோல்டு சூக்கில் நிறுப்பவனைவிடக் கவனமாக.

வெறும் தண்ணீருக்கு அரை கிராம்கூடத் தேறாது.
வாயு ஏற்றினால் ஒன்றேகால்.
வாயுவோடு எலுமிச்சையும் சேர்ந்தால்
இரண்டைத் தொடும்.
புளிப்பைக் கண்டு மிரண்ட வாய்
அவசரமாகத் தன்னைக் கழுவிக்கொள்கிறது,
அவ்வளவுதான் நடக்கிறது.
அறிக்கையில் 'புத்துணர்ச்சி' என்று போடச் சொல்வார் மேலாளர்.
போடுவேன்.

சவரிநாயகம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்.
ருசி பார்ப்பதற்கு மாதம் இருநூறு திர்ஹம் கூடுதல்.
குடித்தபின் அவர் குப்பிதான்
எல்லோரையும்விட நிறையும்.
குடிக்குமுன், கோப்பையை முகர மட்டும் சொல்வேன்.
மற்ற ஐவருக்கும் அப்போதே ஊறிவிடும்.
அவருடையது காய்ந்த குப்பி.
மாம்பழத்துக்கும் அப்படி, லிச்சிக்கும் அப்படி,
ஐந்து வாரமாக
ஒரு பொட்டு ஈரமில்லை.
பிறகு பக்கத்து நாற்காலியின் தாளை
ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு எழுதுவார்:
"மாம்பழம். மணம் நன்று."

ஒரு வியாழக்கிழமை வலை விரித்தேன்.
சோடா, கொஞ்சம் சர்க்கரை,
ஒரு துளி சிவப்புச் சாயம்.
வாசனை என்று எதுவுமே சேர்க்கவில்லை.

ரவூஃப்: ஸ்ட்ராபெரி, சற்றுத் தூக்கல்.
திலக் பகதூர்: ஸ்ட்ராபெரி.
மெர்லின்: ஸ்ட்ராபெரி, அடியில் ரோஜா,
விழுங்கியபின் வெனிலா.
மற்ற இருவர் மெர்லினைப் பார்த்து எழுதினார்கள்.
கதவைத் தள்ளி வந்த மேலாளர்
ஒரு மடக்கு குடித்துவிட்டுச் சொன்னார்,
"இதையே பெருநாளுக்கு இறக்கிடலாம்."

சவரிநாயகத்தின் தாளில் இரண்டு சொல்.
முள் மட்டும்.

எல்லோரும் போனபின் அவரே ஆரம்பித்தார்.
"போன வருஷம் காய்ச்சல் மேடம்.
ரூம்ல பதினாலு பேர்.
எல்லாருக்கும் வந்துச்சு, எல்லாருக்கும் போச்சு.
எனக்கு மூக்கு மட்டும் திரும்பல.
இனிப்பு தெரியும், புளிப்பு தெரியும்,
என்ன பழம்னுதான் தெரியாது.
மெஸ்ல மீனும் சரி முட்டையும் சரி
வெந்த அட்டை மாதிரி.
இது ஒண்ணுதான் குத்தும்.
குத்துறப்பதான் வாய்னு ஒண்ணு இருக்கிறதே ஞாபகம் வருது.
இன்னிக்குப் பொய் எழுத அலுப்பா இருந்துச்சு.
நாளையிலேர்ந்து வரல."

சரியான விடைக்கு ஒரு கட்டம் உண்டு என் படிவத்தில்.
ஆறு தாளில் ஒன்றுக்குத்தான் அதில் டிக் விழுந்தது.
காட்டினேன்.
நம்பாமல் இரண்டு முறை படித்தார்.
"அப்ப அவங்கல்லாம்?" என்றார்.
நான் குப்பிகளை அடுக்கத் தொடங்கினேன்.

அந்தச் சிவப்புக்கு இப்போது பெயர் வைத்தாயிற்று,
லேபிள் அச்சுக்குப் போயிருக்கிறது.
ஸ்ட்ராபெரி படம், இலையோடு.
ஞாயிறு விட்டுத் திங்கட்கிழமை
சவரிநாயகம் தன் நாற்காலிக்கு வந்துவிட்டார்.
பக்கத்துத் தாளைப் பார்ப்பதில்லை.

அன்று சாயங்காலம் மிச்சமிருந்த கோப்பையைக்
கொட்டுமுன் ஒரு வாய் குடித்தேன்.
வாயு போயிருந்தது.
காலையில் போட்ட அதே சர்க்கரைதான்,
தொண்டையில் திகட்டியது.
புதிதாக ஒன்றைத் திறந்து
மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு குடித்தேன்,
கண்ணில் நீர் வரும்வரை.
பெயரெழுதாத குப்பியொன்றில் துப்பி
நிறுத்துப் பார்த்தேன்.
ஒன்று புள்ளி ஒன்பது.
எங்கும் குறித்துவைக்கவில்லை.